வெளியே நின்று பார்த்த வாசல்

"காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு" என்பது நம் முன்னோர் மொழி. பெற்ற பிள்ளைக்கு மட்டுமன்று, நாம் கட்டிய வீட்டிற்கும், வைத்த கடைக்கும், எழுதிய எழுத்திற்கும் இம்மொழி பொருந்தும். இந்நாளில் இவற்றோடு இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ள வேண்டியுள்ளது. அது நாம் நடத்தும் இணையதளம். எங்கள் பொன் குஞ்சு ஊராரின் கண்களுக்கு எக்கோலத்தில் தோன்றிற்று என்பதை அறியாமலேயே நாங்கள் ஏறத்தாழ ஓராண்டுக் காலம் வாழ்ந்தோம். அதனால் விளைந்தது பண இழப்பு மட்டுமாயிருந்தால் இதனை எழுத முற்பட்டிருக்க மாட்டோம். குற்றமற்ற ஒரு முதிய பெண்மணியின் மனத்தைப் புண்படுத்தினோம். ஆகவே எழுதுகிறோம்.

நாங்கள் கணவனும் மனைவியுமாக ஆசிரியப் பணியாற்றி ஓய்வு பெற்றவர்கள். எங்கள் கடலோரச் சிற்றூரில் பெண்கள் பனையோலை முடைவதில் கைதேர்ந்தவர்கள். குருத்தோலையை வெயிலில் உலர்த்தி, வாராகக் கிழித்து, சாயமேற்றி, அவர்கள் முடையும் பெட்டிகளும் சுளகுகளும் விசிறிகளும் கண்ணைக் கவர்வன. எனினும், இடைத்தரகர் கொடுத்ததே விலை என்னும் நிலைமை நெடுங்காலம் நீடித்தது. 2014-ஆம் ஆண்டில் 14 பெண்களை ஒன்றுசேர்த்து, கணினி நிலையம் நடத்திய இளைஞர் ஒருவரின் உதவியுடன் ஓர் இணையதளத்தை அமைத்தோம். பொருள்களின் படங்கள், விலை, வேண்டுவோர் தம் முகவரியை எழுதி அனுப்புவதற்கு ஒரு படிவம் ஆகியவையே அதில் இருந்தன. முதல் நான்கு ஆண்டுகள் நன்றாகவே நடந்தன. கிறிஸ்துமஸ் காலத்தில் பலகாரங்களை ஓலைப்பெட்டியில் வைத்து உறவினருக்கு அனுப்ப விரும்பிய குடும்பங்கள், சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் வளைகுடா நாடுகளிலிருந்தும் எழுதின.

2018-ஆம் ஆண்டின் பிற்பகுதியில் படிவங்கள் வருவது குறைந்தது. அவ்வாண்டுக் கிறிஸ்துமஸ் காலத்தில் வந்தவற்றை விரல்விட்டு எண்ணிவிடலாம். நாங்கள் நாள்தோறும் காலையில் எங்கள் பழைய கணிப்பொறியில் தளத்தைத் திறந்து பார்ப்போம். படங்கள் இருந்த இடத்தில் இருந்தன, படிவமும் இருந்தது. தளத்தில் குறையொன்றும் இல்லை என்று உறுதி செய்துகொண்ட நாங்கள், குறை பொருளில்தான் இருக்க வேண்டும் என்று முடிவு கட்டினோம்.

அந்த முடிவின் பாரம் ஒருவர் தலையில் வீழ்ந்தது. பெண்களுள் மூத்தவர் அவர். ஊரார் அனைவரும் அவரை ஆச்சி என்றே அழைப்பர். ஒரு நாள் அவர் கொண்டுவந்த பெட்டிகளைக் கையிலெடுத்து, "ஆச்சி, உங்கள் பின்னல் தளர்ந்துவிட்டது. வாங்குகிறவர்கள் இப்போது பார்த்துத்தான் வாங்குகிறார்கள்" என்று கூறிவிட்டோம். அவர் மறுத்துப் பேசவில்லை. "கை அப்படியேதான் இருக்கிறது டீச்சர். கண்தான் மங்கிவிட்டதோ என்னவோ" என்றார். மறு வாரம் அவர் வரவில்லை. அதற்கடுத்த வாரமும் வரவில்லை.

2019-ஆம் ஆண்டுக் கோடை விடுமுறைக்கு, சென்னையில் கணினித் துறையில் பணிபுரியும் எங்கள் அண்ணன் மகள் வந்திருந்தாள். தன் மடிக்கணினியில் எங்கள் தளத்தைத் திறந்தவள், "சித்தப்பா, சித்தி, கொஞ்சம் இங்கே வாருங்கள்" என்றாள். முகவரிப் பட்டையில், நாங்கள் என்றுமே கண்டிராத சொற்கள் தோன்றின. 'பாதுகாப்பற்றது' என்பதே அவற்றின் பொருள். படிவத்தில் அவள் தன் பெயரின் முதல் எழுத்தைத் தட்டியவுடன் அச்சொற்கள் சிவப்பு நிறமாயின. "தன் வீட்டு முகவரியை எழுதத் தொடங்கும் ஒருவர் இதைக் கண்டால் மேலே எழுதுவாரா?" என்று கேட்டாள். எங்களுக்கு நா எழவில்லை.

அவள் விளக்கிய செய்தி இதுதான். இணையத்தில் செய்திகள் இரு வகையாகப் பயணம் செய்கின்றன. ஒன்று அஞ்சலட்டையைப் போன்றது. வழியில் எவரும் அதனைப் படித்துவிடலாம். மற்றொன்று உறையிலிட்டு ஒட்டிய கடிதத்தைப் போன்றது. எங்கள் தளம் அஞ்சலட்டை வகையைச் சேர்ந்தது. இணையத்தைக் காண்பதற்கு நாம் பயன்படுத்தும் மென்பொருளை உலாவி என்கிறோம். பிரவுசர் என்றாலும் அதுவே. கூகுள் நிறுவனத்தின் குரோம் என்னும் உலாவி, 2018 ஜூலையிலிருந்து அஞ்சலட்டை வகைத் தளங்கள் அனைத்தையும் பாதுகாப்பற்றவை என்று குறிக்கத் தொடங்கியது. அவ்வாண்டு அக்டோபரிலிருந்து, அத்தளங்களில் எவரேனும் எழுதத் தொடங்கினால் அக்குறிப்பைச் சிவப்பாக்கியது. எச்சரிக்கை நியாயமானதே. உலகம் முழுவதும் அதனைக் கண்டது. நாங்கள் மட்டும் காணவில்லை. ஏனெனில், எங்கள் கணிப்பொறியிலிருந்த உலாவி மூன்றாண்டுகளாகப் புதுப்பிக்கப்படாதது. பழகியதை விட மனமின்றி, 'நன்றாகத்தானே வேலை செய்கிறது' என்று அதனையே பற்றிக்கொண்டிருந்தவர்கள் நாங்களே. பழுது எங்கள் கண்ணில் இருக்க, ஆச்சியின் கண்ணைப் பழித்துவிட்டோம்.

அன்று மாலையே இருவரும் ஆச்சியின் வீட்டிற்குச் சென்றோம். நடந்ததை மறைக்காமல் சொல்லி மன்னிப்புக் கேட்டோம். அவருக்கு உலாவியைப் பற்றியும் உறையிட்ட கடிதத்தைப் பற்றியும் சொன்னது விளங்கிற்றா என்பதை நாங்கள் அறியோம். ஆனால், அவர் சொன்னது எங்களுக்கு நன்றாக விளங்கிற்று. "பெட்டியை முடைந்து முடித்ததும் கவிழ்த்துப் பார்க்க வேண்டும் டீச்சர். மேல்பக்கம் முடைகிறவளுக்கு எப்போதும் அழகாகத்தான் தெரியும்." மனத்தில் வருத்தமில்லை என்றார், எனினும் வேலைக்குத் திரும்புவதாகச் சொல்லவில்லை. நாங்களும் வற்புறுத்தத் துணியவில்லை.

தளத்தைச் சீர்செய்யும் பணியைத் தொடங்கினோம். உறையிட்ட கடித வகைக்கு மாற ஒரு சான்றிதழ் தேவை. அதற்குப் பெருந்தொகை ஆகுமோ என்று அஞ்சினோம். 2015 டிசம்பரிலிருந்து லெட்ஸ் என்கிரிப்ட் என்னும் இலாப நோக்கற்ற அமைப்பு, அச்சான்றிதழைக் கட்டணமின்றியே எல்லாருக்கும் வழங்கிவருகிறது என்பதை அண்ணன் மகள் கூறினாள். அரைநாளில் அது முடிந்தது.

அடுத்தது உலாவி மாற்றம். தன் பழைய மடிக்கணினி ஒன்றை எங்களுக்கென்று விட்டுச் சென்ற அவள், அதில் பயர்பாக்ஸ் என்னும் உலாவியை நிறுவினாள். பல்லாண்டுகளாக நாங்கள் சேர்த்துவைத்திருந்த பக்கக் குறிகளெல்லாம் போய்விடுமே என்று தயங்கினோம். பழைய உலாவி அவற்றையெல்லாம் ஒரே கோப்பாக எழுதித் தந்தது. அக்கோப்பைப் புதிய உலாவி அப்படியே ஏற்றுக்கொண்டது. மூன்றாண்டுகள் அஞ்சியிருந்த காரியம் பத்து நிமிடங்களில் முடிந்ததை எண்ணி நாணினோம்.

"ஒரே ஓர் உலாவி போதாது" என்றும் அவள் சொன்னாள். இதனைத் தளம் நடத்துவோர் அனைவரும் அறிந்திருத்தல் நலம். உலாவியின் பெயர் வேறு, அதனுள் இருந்து பக்கத்தை வரைந்து காட்டும் இயந்திரம் வேறு. குரோம் உலாவியின் இயந்திரத்தையே ஓப்ரா 2013-ஆம் ஆண்டிலும், மைக்ரோசாப்டின் எட்ஜ் 2020 ஜனவரியிலும் மேற்கொண்டன. ஆகவே இம்மூன்றில் ஒன்றிலிருந்து மற்றொன்றிற்கு மாறுவது பெரும்பாலும் சட்டை மாற்றுவதைப் போன்றதே. பயர்பாக்ஸ் வேறு வழி வந்தது. 1994-ஆம் ஆண்டில் தோன்றிய நெட்ஸ்கேப் உலாவியின் மூலநிரல் 1998-இல் பொதுவுடைமையாக்கப்பட்டது. அதிலிருந்து கிளைத்த மோசில்லாத் திட்டம், 2004 நவம்பர் 9 அன்று பயர்பாக்ஸின் முதற்பதிப்பை வெளியிட்டது. அது இன்றும் தனக்கென ஓர் இயந்திரத்தை வைத்திருக்கிறது. ஆப்பிள் நிறுவனத்தின் சபாரி மற்றொரு வகை. தளம் நடத்துவோர் இம்மூன்று வகைகளிலும் தம் பக்கங்களைப் பார்த்துவிடுவதே முறை. ஒரு கண்ணாடியில் மட்டும் முகம் பார்த்து வெளியே கிளம்பலாகாது.

இனி, நீட்சிகள் என்று வழங்கும் துணைக் கருவிகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். எக்ஸ்டென்ஷன் என்று இளைஞர் சொல்வது இதனையே. உலாவியோடு இணைத்துக்கொள்ளும் சிறு மென்பொருள்கள் இவை. தையல் இயந்திரத்தில் தேவைக்கேற்பப் பொருத்தும் துணை உறுப்புகளைப் போன்றவை. எங்களுக்குப் பேருதவி புரிந்தது வேவ் என்னும் நீட்சி. அமெரிக்காவின் யூட்டா மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வெப்எய்ம் என்னும் அமைப்பு ஆக்கியது. பார்வையற்றோரும் முதியோரும் ஒரு பக்கத்தைப் பயன்படுத்த இயலுமா என்று சோதித்து, குறை உள்ள இடங்களில் சிறு அடையாளங்களை அது வைக்கிறது. எங்கள் முதற்பக்கத்தில் அதனை அழுத்தியபோது, அம்மை போட்டதுபோல் பக்கம் முழுவதும் சிவப்பாயிற்று.

காரணம் இரண்டு. மஞ்சள் நிறப் பின்னணியில் வெளிர்பச்சை எழுத்துகளை அழகென்று நம்பி வைத்திருந்தோம். எழுத்திற்கும் பின்னணிக்கும் இடையிலான ஒளி வேறுபாடு குறைந்தது 4.5-க்கு 1 என்னும் விகிதத்தில் இருக்க வேண்டும் என்பது உலகளாவிய வழிகாட்டு நெறி. எங்களுடையது அதில் பாதிகூட இல்லை. இரண்டாவது குறை இன்னும் பெரிது. தளத்திலிருந்த 63 படங்களில் ஒன்றுக்கேனும் சொல் விளக்கம் கிடையாது. பார்வையற்றோர் திரையிலுள்ளதை உரக்கப் படித்துக் காட்டும் மென்பொருளைக் கொண்டே இணையத்தைப் பயன்படுத்துகின்றனர். படத்திற்குப் பின்னால் விளக்கம் எழுதப்பட்டிருந்தால் அம்மென்பொருள் அதனைப் படிக்கும். இல்லையேல், அங்கே ஏதோ ஒரு படம் உண்டு என்பதற்குமேல் அவர்கள் எதனையும் அறிய இயலாது. எங்கள் கடைக்கு வந்த பார்வையற்றோருக்கு 63 மூடிய பெட்டிகளை நீட்டிக்கொண்டிருந்தோம்.

விளக்கம் எழுத அமர்ந்தோம். 'பெட்டி' என்று எழுதினோம். அடுத்ததற்கும் 'பெட்டி' என்றே எழுதினோம். பல்லாண்டு மாணவர்க்குக் கட்டுரை எழுதக் கற்றுக்கொடுத்தவர்களுக்கு, ஐந்தாம் படத்திற்குமேல் சொல் இல்லை. நாள்தோறும் விற்ற பொருள்களின் பெயரையே நாங்கள் சரிவர அறிந்திருக்கவில்லை. அதனை அறிந்தவர் ஒருவரே. மீண்டும் ஆச்சியின் வாசலில் நின்றோம். இம்முறை வேலைக்கு அழைக்கச் செல்லவில்லை, கற்றுக்கொள்ளச் சென்றோம்.

அவர் மூன்று நாள் எங்கள் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து, ஒவ்வொரு படத்தையும் கண்ணருகே பிடித்துச் சொல்லச் சொல்ல நாங்கள் எழுதினோம். இது கொட்டான், இது ஈர்க்கு வைத்து விளிம்பு கட்டியது, இது குழந்தைக்கான கிலுகிலுப்பை, உள்ளே சிறு கல் போட்டிருக்கும், ஆட்டினால் ஓசை வரும், இது உள்ளங்கையில் அடங்கும், இது ஒரு படி அரிசி கொள்ளும். கண்ணில்லாதவர் கையால் தடவிப் பார்த்தால் எதனை அறிவாரோ, அதனையே அவர் சொன்னார். நான்காம் நாள், தாமாகவே ஒரு கட்டு ஓலையுடன் வந்து, வழக்கமான தம் இடத்தில் அமர்ந்தார். நாங்கள் ஒன்றும் பேசவில்லை. பேசியிருந்தால் கண்ணீர் வந்திருக்கும்.

அவ்வாண்டுக் கிறிஸ்துமஸ் காலத்தில் படிவங்கள் மீண்டும் வந்தன. அவற்றுள் ஒன்று, பார்வையற்ற ஆசிரியர் ஒருவர் அனுப்பியது. தம் பேத்திக்கு, உள்ளே கல் போட்ட கிலுகிலுப்பை வேண்டும் என்று எழுதியிருந்தார். ஆச்சி சொன்ன சொற்களே அதில் இருந்தன. அதனை அவருக்குப் படித்துக் காட்டினோம்.

எங்களுக்குப் பயன்பட்ட மற்றக் கருவிகளையும் சுருக்கமாகக் கூறுகிறோம். லைட்ஹவுஸ் என்னும் சோதனைக் கருவி இப்போது குரோம் உலாவியின் உள்ளேயே அமைந்திருக்கிறது. பக்கம் திறக்கும் விரைவு முதலியவற்றிற்கு அது நூற்றுக்கு இத்தனை என்று மதிப்பெண் இடும். விரைவில் நாங்கள் பெற்றது 31. மாணவராயிருந்தால் தேர்வில் தோல்வியே. ஒவ்வொரு படமும் 4 மெகாபைட் அளவில் இருந்ததே காரணம். சுருக்கி இட்டதும் மதிப்பெண் உயர்ந்தது. நம் பக்கத்திலிருந்து பிற பக்கங்களுக்குச் செல்லும் இணைப்புகளைச் சோதித்து, உயிருள்ளவற்றைப் பச்சையாகவும் செத்தவற்றைச் சிவப்பாகவும் காட்டும் நீட்சிகளும் உண்டு. இன்டர்நெட் ஆர்க்கைவ் என்னும் அமைப்பு, 1996-ஆம் ஆண்டு முதல் உலகின் இணையப் பக்கங்களைத் திரட்டிக் காத்துவருகிறது. அதன் நீட்சியை அழுத்தினால் ஒரு பக்கத்தின் பழைய படிகளைக் காணலாம். இன்றைய பக்கத்தையும் அங்கே சேமிக்கலாம். ஓலைப்பெட்டியைப் பூசணம் பிடிக்காமல் காப்பது எப்படி என்று நாங்கள் எழுதி, தவறுதலாக அழித்துவிட்ட பக்கம் அவ்வாறே திரும்பக் கிடைத்தது. கைப்பேசியின் சிறு திரையில் நம் பக்கம் எப்படித் தோன்றும் என்பதைக் காண நீட்சி எதுவும் வேண்டா. பயர்பாக்ஸிலேயே அதற்கு வழி இருக்கிறது.

இவ்வளவு பயனுள்ளவையெனில் கண்டதையெல்லாம் சேர்த்துக்கொள்ளலாமே என்ற ஆசை எங்களுக்கும் எழுந்தது. அப்போது அண்ணன் மகள் எச்சரித்தாள். "நீட்சி என்பது வீட்டுச் சாவியை வேலையாள் கையில் கொடுப்பது, சித்தி. நல்ல ஆள் என்று தெரிந்துதான் கொடுக்க வேண்டும்." சில நீட்சிகளைச் சேர்க்கும்போது, 'எல்லா இணையதளங்களிலும் உங்கள் தரவுகளைப் படிக்கவும் மாற்றவும்' அனுமதி கேட்கும் வாசகம் ஒன்று தோன்றும். பலர் அதனைப் படிப்பதே இல்லை. தளத்தின் உரிமையாளராக நாம் உள்ளே நுழைந்திருக்கும் வேளையில், அந்த நீட்சி நம்மை நம்பி முகவரி தந்தோரின் விவரங்களையும் படித்துவிட இயலும்.

இது வெறும் அச்சமன்று. குரோம் உலாவியில் தி கிரேட் சஸ்பெண்டர் என்ற நீட்சி புகழ்பெற்றிருந்தது. பயன்படுத்தாத பக்கங்களை உறங்கவைத்துக் கணினியின் நினைவகத்தை மிச்சப்படுத்துவது அதன் தொழில். 20 இலட்சத்திற்கும் மேற்பட்டோர் அதனை வைத்திருந்தனர். 2020-ஆம் ஆண்டில் அதனை ஆக்கியவர் வேறொருவருக்கு அதனை விற்றுவிட்டார். புதிய கைகளில் அது தீய நிரலைக் கொண்டது என்று கண்டு, 2021 பிப்ரவரியில் கூகுள் அதனை நீக்கியது. வேலையாள் நல்லவரே, சாவி கைமாறியதை வீட்டுக்காரர் அறியவில்லை. ஆகவே, உலாவியின் அதிகாரபூர்வக் கூடத்திலிருந்து மட்டுமே நீட்சியைப் பெறுக, ஆக்கியவர் யார் என்று பார்க்க, கேட்கும் அனுமதி அதன் தொழிலுக்குத் தேவையானதுதானா என்று சிந்திக்க, பயன்படாததை அகற்றுக. எங்கள் உலாவியில் இன்று இருப்பவை மூன்றே மூன்று நீட்சிகள்.

நம் குடும்பங்களில் இன்று பலர் சிறு தொழிலுக்கென்றும், தையல், பலகாரம், நாற்றுப்பண்ணை ஆகியவற்றிற்கென்றும் இணையதளம் நடத்துகின்றனர். அவர்களுக்கு எங்கள் வேண்டுகோள் ஒன்றே. மாதம் ஒரு முறையேனும் உங்கள் தளத்தை நீங்கள் பழகாத ஓர் உலாவியில் திறந்து பாருங்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளையின் கைப்பேசியில் திறந்து பாருங்கள். படிவத்தை அயலார்போல் நிரப்பி அனுப்பிப் பாருங்கள். வருவாய் குறைந்தால், உழைக்கும் கைகளைக் குறை கூறுமுன் நாம் பார்க்கும் சாளரத்தைத் துடைத்துப் பாருங்கள்.

ஆச்சிக்கு இப்போது பார்வை உண்மையாகவே மங்கிவிட்டது. பெரிய பெட்டிகளை அவர் முடைவதில்லை. ஆனால், புதிய பொருள் எதுவாயினும் அவர் கையில் கொடுத்து, அவர் தடவிச் சொன்ன பின்னரே அதன் படத்திற்கு நாங்கள் விளக்கம் எழுதுகிறோம். சொல்லி முடித்ததும் அவர் அப்பெட்டியைக் கவிழ்த்து, அடிப்பக்கத்தை விரலால் ஒருமுறை தடவிப் பார்ப்பார். அதனைக் காணும்போதெல்லாம், அன்று நாங்கள் கவிழ்த்துப் பாராமல் சொன்ன சொல் எங்கள் நினைவுக்கு வருகிறது.